நீச்சல்குளத்துல லைஃப்கார்டு வேலை: குளோரின் கேன் ஊத்தச் சொல்லுதாங்க, ஏதாவது ஆனா யார் பொறுப்பு?

நெல்லைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் படிக்கேன். மிட்லேண்ட்ஸ் பக்கம், ஊர் பேரு வேண்டாம். காலேஜ் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பாக்கலாம்னு விசால இருக்கு. அந்த நேரத்துல ஒரு லெஷர் சென்டர்ல லைஃப்கார்டா இருக்கேன். தாமிரபரணில நீந்திப் பழகுன ஆளு, தண்ணிப் பக்கமே வேலைன்னதும் சந்தோஷமா என்.பி.எல்.க்யூங்கிற லைஃப்கார்டு கோர்ஸ் முடிச்சுச் சேந்தேன்.

குளத்துக்குக் கீழ பேஸ்மென்ட்ல பிளான்ட் ரூம் இருக்கு. பம்ப், ஃபில்டர், மருந்து டேங்க் எல்லாம் அங்கதான். அதைப் பாத்துக்கிட்டிருந்த பெரியவர் உடம்புக்கு முடியாம நீண்ட லீவுல போயிட்டாரு. அதுல இருந்து ஷிஃப்ட்ல யாரு இருக்காங்களோ அவங்களைக் கூப்பிட்டு, "கீழ போய் கேனைத் தூக்கி டேங்க்ல ஊத்திட்டு வா, ரெண்டு நிமிஷ வேலை"ங்காரு டியூட்டி மேனேஜர். 25 லிட்டர் கேன். ஒண்ணு குளோரின், இன்னொண்ணு ஆசிட். ரெண்டும் ஒரே சுவரோரமா அடுத்தடுத்து நிக்கி. சில கேன்ல லேபிள் நனைஞ்சு எழுத்தே தெரியல. பாதுகாப்புக்குன்னு பாத்தா கையுறை, கண்ணாடி, தச்சு வேலைக்குப் போடுத தூசி மாஸ்க் ஒரு பெட்டி. இதுக்குன்னு டிரெயினிங் யாருக்கும் குடுக்கல.

போன வாரம் 17 வயசுப் பையன் ஒருத்தனை அனுப்புனாங்க. மேல வந்து ரொம்ப நேரம் இருமிக்கிட்டே இருந்தான். "வாசனைதான், தண்ணி குடி, சரியாயிரும்"னுட்டாங்க. நேத்து என்னைக் கூப்பிட்டாரு. குளத்துல சின்னப் பிள்ளைங்க கிளாஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு, கரையில மொத்தமே ரெண்டு லைஃப்கார்டு. நான் இறங்கிட்டா ஒருத்தர்தான்னு சொன்னேன். நேத்தைக்கு அதோட விட்டாரு. ஆனா போகும்போது, "ஹெல்த் அண்ட் சேஃப்டி சட்டம் பிரிவு 7 படிச்சிருப்பேல்ல, நீ ஒத்துழைக்கணும்"னு சொல்லிட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமை மறுபடி அவர் ஷிஃப்ட்தான்.

மாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கா? போய் ஊத்தி, ஏதாவது ஆயிட்டா பழி என் மேல வருமா? அந்தப் பிரிவு 7 உண்மையிலேயே என்னதான் சொல்லுது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கார்த்தி_ஜிம்:

ப்ரோ, நான் ஒரு ஜிம்ல இருக்கேன். இந்த மாதிரி எல்லா இடத்துலயும் நடக்குது. கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டு, மூச்சை அடக்கி மெதுவா ஊத்திட்டு வெளிய வந்துடுங்க. மேனேஜரைப் பகைச்சுக்கிட்டா அடுத்த வாரம் ஷிஃப்ட் கிடைக்காது. இங்க பார்ட் டைம் கிடைக்கிறதே பெரும்பாடு.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

தம்பி, வெள்ளிக்கிழமை அந்த அறைக்குள்ள போகாதேங்கோ. அதைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றக் கதை.

கார்த்தி, உங்களில கோபமில்லை, நீங்களும் பிழைப்பை யோசிச்சுத்தான் எழுதியிருக்கிறியள். ஆனால் இது ஆளைக் கொல்லக்கூடிய புத்திமதி. பிழையான டாங்கிக்குள்ள எவ்வளவு மெதுவா ஊத்தினாலும் அது பிழையான டாங்கிதான்.

நான் லண்டனில நீச்சல்குளப் பிளான்ட் ரூமுகளிலதான் கனகாலம் வேலை செய்தனான். பூல் பிளான்ட் ஒப்பரேட்டர் சான்றிதழ் எடுத்து, பிறகு டியூட்டி மனேஜராயும் நிண்டனான். ஆள் பத்தாமல் ஒரு மனேஜர் படுற பாடும் தெரியும், கீழ நிண்டு கேன் தூக்கிறவன்ர பாடும் தெரியும்.

குளோரின் எண்டு எழுதின கேனுக்குள்ள இருக்கிறது அநேகமா சோடியம் ஹைப்போகுளோரைட், சுருக்கமா ஹைப்போ எண்டுவம். மற்றது ஹைட்ரோகுளோரிக் அமிலமா இருக்கும், இல்லாட்டில் சோடியம் பைசல்பேட். தண்ணீரின்ர பி.எச். அளவை 7.2 இல இருந்து 7.6 க்குள்ள வைச்சிருக்கத்தான் அமிலம் போடுறது. தனித்தனிய வைச்சு, முறையாப் பழகினவர் கையாண்டால் இரண்டும் அடங்கி இருக்கிற சாமான். இரண்டும் ஒண்டாச் சேர்ந்தால் அந்த நிமிசமே குளோரின் வாயு கிளம்பும். அது காத்தை விட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரம். மேல எழும்பிப் போகாமல் நிலத்தோட படுத்துக் கிடக்கும். உங்கட பிளான்ட் ரூம் பேஸ்மென்டில எண்டு எழுதியிருக்கிறியள். காத்தில பத்து லட்சத்தில அரைப் பங்கு, 15 நிமிசச் சராசரி, அதுதான் இங்க ஒரு தொழிலாளிக்கு வைச்சிருக்கிற எல்லை. ஒரு கேனில மிச்சமிருக்கிற அமிலத்துக்கு மேல ஹைப்போ விழுந்தாலே அதை எங்கயோ தாண்டிப் போயிடும். தூசி மாஸ்க் அந்த வாயுவை மறிக்காது. மூச்சை அடக்கிற கதை அதை விட மோசம், ஏனெண்டால் அடக்கின மூச்சுக்குப் பிறகு வாறது நெஞ்சு நிறைய இழுக்கிற மூச்சு.

பெரிய இடத்தில இதெல்லாம் நடக்காது எண்டு நினைக்காதேங்கோ. 2012 ஒலிம்பிக் நீச்சல் நடந்த ஸ்ட்ராட்ஃபர்ட் லண்டன் அக்வாட்டிக்ஸ் சென்டர் எனக்குக் கிட்ட. 2022 மார்ச் 23 ஆம் திகதி காலமை அங்க இரசாயனங்கள் தாக்கமடைஞ்சு குளோரின் வாயு பெருமளவில வெளிய வந்தது. ஏறக்குறைய 200 பேரை வெளியேத்தினவை, 29 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவை. சுத்தியிருந்த சனத்தைக் கதவு யன்னலைப் பூட்டச் சொன்னவை. உலகமே பாத்த குளம் அது.

இனி உங்கட மனேஜர் சொன்ன பிரிவு 7. 1974 ஆம் ஆண்டுச் சட்டம், ஹெல்த் அண்ட் சேஃப்டி அட் வேர்க் ஆக்ட். அதில பிரிவு 7 க்கு முதல் பிரிவு 2 வருது. வேலை தாறவர் தன்ர தொழிலாளிகளின்ர உடல்நலம், பாதுகாப்பு, நலன் எல்லாத்தையும் நடைமுறையில ஏலுமான அளவுக்கு உறுதிப்படுத்த வேணும். பாதுகாப்பான பொறி, பாதுகாப்பான வேலை முறை, இரசாயனத்தைக் கையாளவும் களஞ்சியப்படுத்தவும் பாதுகாப்பான ஏற்பாடு, தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை எல்லாம் குடுக்க வேணும். பிரிவு 3 தொழிலாளி அல்லாத ஆக்களுக்கு, அதாவது உங்கட குளத்தில நீந்துற பிள்ளையளுக்கும் கரையில இருக்கிற தாய் தகப்பனுக்கும். அதுக்குப் பிறகுதான் 7. உங்கட உடம்புக்கும் நீங்கள் செய்யிறதால பாதிக்கப்படக்கூடிய மற்றவைக்கும் நியாயமான கவனம் எடுக்க வேணும் எண்டு சொல்லுது. சட்டம் வேலை தாறவரில சுமத்தின கடமையை அவர் நிறைவேத்துறதுக்கு நீங்கள் ஒத்துழைக்க வேணும் எண்டும் சொல்லுது. மனேஜர் சொல்லுற எல்லாத்துக்கும் தலையாட்ட வேணும் எண்டு அதில ஒரு வரியும் இல்லை. பயிற்சி இல்லாமல் லேபிள் அழிஞ்ச கேனைத் தூக்கினால்தான் நீங்கள் பிரிவு 7 ஐ மீறுவியள்.

1999 ஆம் ஆண்டு மனேஜ்மென்ட் விதிகளிலயும் ஒண்டு இருக்கு. விதி 14. உடனடியான பாரதூரமான ஆபத்தையோ, பாதுகாப்பு ஏற்பாட்டில குறையையோ கண்டால் தொழிலாளி அதை வேலை தாறவருக்குச் சொல்ல வேணும். நேற்று நீங்கள் 'கரையில ஒருத்தர்தான் மிஞ்சும்' எண்டு வாயைத் திறந்து சொன்னது சட்டம் உங்களிட்டக் கேட்ட அதே வேலை.

17 வயசுப் பெடியன்ர விசயம் எனக்கு நெஞ்சு பதறுது. 18 வயசுக்குக் கீழ்ப்பட்டவைக்கு அதே விதிகளில தனிப் பாதுகாப்பு இருக்கு, விதி 19. நச்சுப் பொருளுக்கு ஆளாகிற வேலையில அவையைப் போட ஏலாது. பயிற்சிக்காக, தகுதியுள்ள ஒருவரின்ர மேற்பார்வையில, ஆபத்தை ஏலுமான அளவுக்குக் குறைச்சுத்தான் விடலாம். தனிய அனுப்பி, இருமிக்கொண்டு வந்தவனைத் தண்ணி குடி எண்டு சொல்லுறதுக்கு எந்த ஞாயமும் இல்லை. அவனை டொக்டரிட்டப் போகச் சொல்லுங்கோ. நடந்ததை அங்கத்தைய விபத்துப் புத்தகத்தில திகதியோட எழுதச் சொல்லுங்கோ.

நெல்லைக்காரன்:

அண்ணாச்சி, இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்ல. நன்றி. ஆனா பயம் போகல. எனக்கு இருக்கது ஜீரோ அவர்ஸ் காண்ட்ராக்ட், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலைன்னு உறுதி கிடையாது. வேலைய விட்டுத் தூக்கவே வேண்டாம், ரோட்டாங்கிற ஷிஃப்ட் அட்டவணைல பேரைப் போடாம விட்டாலே முடிஞ்சுது. வாடகை அதுல இருந்துதான் குடுக்கேன். அதுபோக இங்க நான் ஸ்டூடண்ட் விசா. புகார் அது இதுன்னு போனா விசாவுக்குச் சிக்கல் வருமோன்னு கூட இருக்க பசங்க பயமுறுத்துதாங்க.

வாணி:

இலவச சட்ட ஆலோசனை தர்ற ஒரு இடத்துல வார இறுதியில தன்னார்வலரா இருக்கேன். வேலை சம்பந்தமான கேள்விகள்தான் எனக்கு அதிகம் வரும். உங்க பயத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

முதல்ல விசா. உங்க ஸ்பான்சர் யுனிவர்சிட்டி. லெஷர் சென்டர் கிடையாது. பாதுகாப்பு சரியில்லைன்னு எழுதுறது விசா நிபந்தனையை மீறுறது இல்லை. 20 மணி நேரத்தைத் தாண்டினா அது மீறல். இன்னொரு விஷயமும் இந்தத் துறையில இருக்கிறதால சொல்றேன்: ஸ்டூடண்ட் விசாவுல விளையாட்டுப் பயிற்சியாளர் வேலை பார்க்கக் கூடாது. ஆள் இல்லைன்னு நாளைக்கு உங்களையே "அந்த நீச்சல் கிளாஸையும் எடுத்துடு"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, யுனிவர்சிட்டி சர்வதேச மாணவர் அலுவலகத்துல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. லைஃப்கார்டு வேலை வேற, கோச்சிங் வேற.

அடுத்தது ஷிஃப்ட். 1996-ம் வருஷ எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் சட்டத்துல பிரிவு 44 இருக்கு. உடனடியான, கடுமையான ஆபத்து இருக்குன்னு நியாயமா நம்பி, அதைத் தவிர்க்க வேற வழி இல்லாம வேலையிடத்துல இருந்து விலகினதுக்காக ஒருத்தருக்கு எந்தப் பாதகமும் செய்யக் கூடாது. முழுநேர ஊழியர்களுக்கு மட்டும்தான் இதுன்னு பலர் நினைக்கிறாங்க. 2021 மே 31-ல இருந்து, 'எம்ப்ளாயி'ங்கிற சட்ட அந்தஸ்து இல்லாத 'ஒர்க்கர்'களுக்கும் பிரிவு 44 பொருந்தும். ஜீரோ அவர்ஸ்ல இருக்கிறவங்க பெரும்பாலும் இதுக்குள்ள வந்துடுவாங்க. பழிவாங்குறதுக்காக ஷிஃப்ட் குறைக்கிறதும் பாதகம்தான். நீங்க எம்ப்ளாயின்னு கணக்குல வந்தா பிரிவு 100-ம் இருக்கு: இந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு அனுப்பினா அது அநியாய நீக்கம், அதுக்கு இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கணும்ங்கிற நிபந்தனை இல்லை. டிரிப்யூனலுக்குப் போகணும்னா முதல்ல வேலைத் தகராறுகள்ல சமரசம் பேசுற ஏகாஸ் அமைப்புக்குப் போகணும், கெடு ரொம்பக் குறுகியது. நாளைக் கடத்தாதீங்க.

"பழி என் மேல வருமா"ன்னு கேட்டீங்க. ஊழியர் மேலேயும் பிரிவு 7-ல வழக்குப் போட முடியும், சிறைத் தண்டனை வரைக்கும் இருக்கு. அதனால "மேனேஜர் சொன்னார், செஞ்சேன்"ங்கிறது முழுக் கவசம் ஆகாது. ஆனா பயிற்சி தராம, முறை எழுதாம அனுப்பின நிறுவனத்தோட பொறுப்பு ரொம்பப் பெருசு. அதே 1974 சட்டத்தோட பிரிவு 37-ன்படி, மேல்மட்ட அதிகாரியோட சம்மதத்தாலயோ அலட்சியத்தாலயோ குற்றம் நடந்தா அவர் மேலேயும் தனியா வழக்கு வரும். அடிபட்டவங்களுக்கு இழப்பீடு தர, 1969-ம் வருஷச் சட்டப்படி நிறுவனம் குறைஞ்சது 50 லட்சம் பவுண்டுக்கு இன்சூரன்ஸ் வச்சிருக்கணும். அந்தச் சான்றிதழை ஊழியர்கள் பார்க்கிற மாதிரி வச்சிருப்பாங்க. பக்கத்துலயே ஹெல்த் அண்ட் சேஃப்டி சட்ட போஸ்டரும் இருக்கும். ஊழியர்கள் சார்பா பாதுகாப்பு பத்திப் பேசுற சேஃப்டி ரெப் யாராவது இருந்தா பேர் பெரும்பாலும் அதுல எழுதியிருக்கும், பாருங்க.

உள்ள சொல்லியும் நடக்கலைன்னா வெளிய சொல்லலாம். தனியார் நிறுவனமோ டிரஸ்டோ நடத்துற லெஷர் சென்டர்னா பொதுவா உள்ளூர் கவுன்சிலோட என்விரான்மென்டல் ஹெல்த் பிரிவு வந்து பார்க்கும். கவுன்சிலே நேரடியா நடத்துற இடம்னா எச்.எஸ்.இ., அதாவது வேலையிடப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு. உங்க பேரை நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கலாம். வர்ற இன்ஸ்பெக்டருக்கு அந்த இடத்துலயே ஒரு வேலையைத் தடை பண்ற நோட்டீஸ் குடுக்க அதிகாரம் இருக்கு.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

வாணி பிள்ளை சொன்னதெல்லாம் சரி. அதோட ஒண்டைச் சேர்க்கிறன்: வாயால சொன்னது காத்தோட போயிடும், எழுதிக் குடுங்கோ. இண்டைக்கே.

ஏன் இப்பிடி நெருக்கிறன் எண்டால், இந்த நாட்டில எங்கட துறையில இருக்கிற எல்லாரும் படிக்க வேண்டிய ஒரு வழக்கு இருக்கு. லைம் பே. 1993 மார்ச் 22. பிளிமத்தில ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எட்டுப் பேரும் அவையின்ர ஆசிரியரும், ஒரு சாகச விளையாட்டு மையத்தின்ர பயிற்றுநர் இரண்டு பேரோட, லைம் ரெஜிஸில இருந்து சார்மவுத்துக்குக் கடலில கயாக் விட்டவை. காத்து அவையை வெளிக் கடலுக்குக் கொண்டு போட்டுது. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளையள் நாலு பேர் செத்துப் போச்சினம். பயிற்றுநர் இரண்டு பேருக்கும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போற தகுதி இருக்கேல்லை, அவசரத்துக்கு வெளிச்சம் காட்டுற ஃபிளேர் இருக்கேல்லை, கரையில இருந்து உதவி கேட்டது பிந்தி.

வழக்கில என்ன தெரிய வந்தது தெரியுமோ? அதே மையத்தில முந்தி வேலை செய்த பயிற்றுநர் இரண்டு பேர், அதுக்கு முந்தின வருசமே, இப்பிடிப் பாதுகாப்பில்லாமல் நடத்தினால் ஒரு நாளைக்குப் பிள்ளை திரும்பி வராமல் போகும், பெத்தவைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும் எண்டு நிர்வாக இயக்குநருக்குக் கடிதம் எழுதிப்போட்டு வேலையை விட்டுப் போயிருக்கினம். எனக்குத் தெரியாது எண்டு அவர் சொல்ல ஏலாமல் போனதுக்கு அந்தக் கடிதம் பெரிய காரணம். 1994 டிசம்பரில அவருக்கு மூண்டு வருசச் சிறை, மேன்முறையீட்டில இரண்டு வருசமாக் குறைஞ்சது. கம்பனிக்கு 60,000 பவுண்டு அபராதம். ஒரு கம்பனியையே ஆட்கொலைக் குற்றத்துக்குக் குற்றவாளி எண்டு இங்க தீர்ப்பளிச்சது அதுதான் முதல் தரம். அடுத்த வருசமே, 1995 இல, பிள்ளையளுக்கான சாகச மையங்கள் அனுமதிப்பத்திரம் எடுக்க வேணும் எண்டு தனிச் சட்டம் வந்தது.

அந்த இரண்டு பேரும் செய்யக்கூடியதைச் செய்திச்சினம். நாலு பிள்ளையளும் காப்பாத்தப்படேல்லை, அதை நினைச்சால் இப்பவும் மனம் ஆறாது. அந்தக் கடிதத்தை வாசிச்ச அண்டைக்கே ஒருவர் அசைஞ்சிருந்தால் நாலு பிள்ளையளும் வீட்டுக்கு வந்திருப்பினம். உங்கட மனேஜருக்கு மேல இருக்கிறவர் உங்கட கடிதத்தை வாசிச்சு அசையக்கூடிய ஆளா இருக்கலாம். அவருக்கு அந்தச் சந்தர்ப்பத்தைக் குடுங்கோ.

ஒருவரையும் திட்டாமல் எழுதுங்கோ. நான் எழுதினால் இப்பிடி எழுதுவன்: "குளத்துக்கு இரசாயனம் ஊத்தச் சொல்லி இந்தத் திகதியில கேட்கப்பட்டது. அந்த வேலைக்கு எனக்குப் பயிற்சி தரப்படேல்லை. கோஷ் (உடல்நலத்துக்குக் கேடான பொருள்கள் பற்றிய) விதிகளின்படியான ஆபத்து மதிப்பீட்டையும் பிளான்ட் ரூமுக்கான எழுத்துமூல வேலை முறையையும் எனக்குக் காட்டவும். ஹைப்போவும் அமிலமும் ஒரே இடத்தில வைக்கப்பட்டிருக்கு, சில கேன்களில லேபிள் இல்லை. நான் கீழ போற நேரம் கரையில கார்டு எண்ணிக்கை குறையுது. பயிற்சி தந்தால் செய்யத் தயாரா இருக்கிறன். அதுவரைக்கும் இந்த வேலையை என்னால பாதுகாப்பாச் செய்ய ஏலாது." அவ்வளவுதான். டியூட்டி மனேஜருக்கும் அவருக்கு மேல இருக்கிற சென்டர் மனேஜருக்கும் சேர்த்து அனுப்புங்கோ. ஒரு பிரதியை உங்கட சொந்த மின்னஞ்சலில வையுங்கோ.

கரையில ஆள் குறையிற விசயத்தைச் சின்னனா எடுக்காதேங்கோ. உங்கட குளத்துக்கு எண்டு ஒரு பி.எஸ்.ஓ.பி., அதாவது குளத்தைப் பாதுகாப்பா நடத்துற எழுத்துமூல முறை, இருக்க வேணும். எச்.எஸ்.இ. நீச்சல்குளங்களுக்கு வெளியிட்ட எச்.எஸ்.ஜி. 179 எண்ட வழிகாட்டி அதைத்தான் சொல்லுது. அதுக்குள்ள இரண்டு பகுதி: நோர்மல் ஒப்பரேட்டிங் பிளான், எமர்ஜென்சி அக்‌ஷன் பிளான். எந்த நேரத்தில எத்தனை கார்டு, எங்க நிக்க வேணும், எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா மாற வேணும் எண்டு முதலாவதில இருக்கும். பத்து செக்கனுக்குள்ள உங்கட பகுதி முழுதையும் கண்ணால ஓட்டி, இருபது செக்கனுக்குள்ள ஆளிட்டப் போய்ச் சேர வேணும் எண்டு கோர்ஸில படிச்சிருப்பியள். இரண்டு பேருக்குப் பிரிச்ச குளத்தை ஒருவர் எப்பிடிப் பத்து செக்கனில பாக்கிறது? பிளானில இரண்டு எண்டு இருந்தால், ஒருவரை இறக்கிற நேரம் பிள்ளையளைத் தண்ணியால ஏத்த வேணும். வேற வழி இல்லை.

மீரா_நீச்சல் டீச்சர்:

வெளிநாட்டுல நீச்சல் சொல்லிக்குடுக்கிற எல்லாருக்கும் சேர்த்து இதைச் சொல்றேன், கேள்விக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தாலும். மூடின குளத்துல "குளோரின் வாசனை"ன்னு நாம சொல்றது பெரும்பாலும் குளோராமைன். குளிக்கிறவங்களோட வியர்வை, சிறுநீர் இதெல்லாம் குளோரினோட சேர்ந்து உண்டாகிறது. அதுல டிரைகுளோராமைன் தண்ணியில நிக்காம காத்துல ஏறி, தண்ணி மட்டத்துக்கு மேலேயே சுத்தும். குழந்தைங்களும், இடுப்பளவு தண்ணியில நின்னு சொல்லிக்குடுக்கிற நாங்களும், கரையில உக்கார்ற கார்டுகளும் அதைத்தான் மணிக்கணக்கா சுவாசிக்கிறோம். கண் எரிச்சல், தொண்டை கரகரப்பு, சிலருக்கு வேலையால வர்ற ஆஸ்துமா வரைக்கும் போகும். இங்க டாக்டர்கள் இதைக் கண்டுபிடிச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க. அப்படி வேலையால வந்த ஆஸ்துமான்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, வேலையிட விபத்து, நோய்களை அறிவிக்கிறதுக்கான ரிட்டர் விதிகள்படி நிறுவனம் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பையனோட இருமல் வீட்டுக்குப் போனா குறையுதா, ஷிஃப்ட்டுக்கு வந்தா கூடுதான்னு கவனிக்கச் சொல்லுங்க. டாக்டர் முதல்ல கேக்கிறது அதைத்தான். வாசனை ஏறினா மருந்தை இன்னும் ஊத்துறது தீர்வே இல்லை. வெளிக்காத்து உள்ள வரணும், புதுத் தண்ணி சேக்கணும். குளிக்க வர்ற ஒரு ஆளுக்கு 30 லிட்டர் புதுத் தண்ணின்னு இங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. இறங்குறதுக்கு முன்னாடி ஷவர்ல நிக்கச் சொல்றதுக்கு நான் பெத்தவங்களோட தினமும் போராடுறேன். ஷவர்ல நிக்காம யாரும் என் கிளாஸ்ல இறங்க முடியாது.

நெல்லைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்ன மாதிரியே மெயில் எழுதி ரெண்டு பேருக்கும் அனுப்பிட்டேன். அந்தப் பையனும் அவன் பேருல தனியா ஒண்ணு எழுதுனான், அவங்க அம்மா கூட இருந்து எழுதுனாங்க. டாக்டர்ட்டயும் போயிட்டு வந்துட்டான், இப்போதைக்கு நெஞ்சு சரியா இருக்குன்னு சொல்லியிருக்காங்க.

வெள்ளிக்கிழமை காலைல சென்டர் மேனேஜரே வந்தாங்க. பிளான்ட் ரூமுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ரிசப்ஷன் பெட்டகத்துல வச்சுட்டாங்க. வெளிய இருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்து டோசிங்கை, அதான் மருந்து சேக்குத வேலையைப் பாத்துக்குவாராம். லேபிள் இல்லாத கேனையெல்லாம் எடுத்துட்டுப் போயாச்சு. எங்கள்ல ரெண்டு பேருக்கு பிளான்ட் ஒப்பரேட்டர் கோர்ஸ் அனுப்புறோம், விருப்பமான்னு கேட்டாங்க. நான் சரின்னு சொல்லிருக்கேன்.

ஆனா டியூட்டி மேனேஜர் முகம் குடுத்துப் பேச மாட்டேங்காரு. அடுத்த வார ரோட்டால எனக்கு ஒரு ஷிஃப்ட் குறைஞ்சிருக்கு.

வாணி:

காரணம் என்னன்னு மரியாதையா, ஒரே வரியில, எழுத்துல கேளுங்க. முந்தைய வாரங்களோட ரோட்டாவை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. சும்மா ஆள் மாத்தினதா இருந்தா அதோட முடிஞ்சுது. தொடர்ந்து குறைஞ்சா உடனே ஏகாஸுக்கு ஃபோன் பண்ணுங்க. ஆலோசனை இலவசம், அதுக்கு வக்கீல் வேண்டாம். கூட வேலை பார்க்கிறவங்க யூனிசன் இல்லன்னா ஜி.எம்.பி. யூனியன்ல இருக்காங்களான்னும் கேளுங்க.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

நல்ல செய்தி தம்பி. அந்தச் சென்டர் மனேஜர் அம்மாவுக்கு என்ர மரியாதை.

கோர்ஸுக்குப் போங்கோ, ஆனால் கோர்ஸ் முடிஞ்ச கையோட 'எல்லாம் விளங்கியது' எண்டு அங்க ஒரு தாளில கையெழுத்துக் கேப்பினம். உங்கட பிளான்ட் ரூமில நிண்டு, உங்கட டாங்கியைக் காட்டித் தந்த பிறகுதான் கையெழுத்து வையுங்கோ. சுத்திவாற தண்ணிப் பம்ப் நிண்டால் மருந்துப் பம்பும் தானா நிக்குதோ எண்டு கேளுங்கோ. நிக்காட்டில் இரண்டு மருந்தும் குழாய்க்குள்ள சேர்ந்து நிண்டு, பம்பைத் திரும்பப் போடேக்க வாயு நேர குளத்துக்குள்ள, நீந்துற சனத்துக்குள்ள வரும். அதைச் செய்து காட்டச் சொல்லுங்கோ. ஹைப்போவுக்கும் அமிலத்துக்கும், கசிஞ்சால் தேங்கி நிக்கிறதுக்குத் தனித்தனித் தொட்டிக்கட்டு இருக்கோ, ஊத்துற வாய் இரண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்தாத மாதிரி இருக்கோ எண்டு பாருங்கோ. வாயு மாஸ்க் தந்தால் உங்கட முகத்துக்கு ஃபிட் டெஸ்ட் செய்து தர வேணும். அதுக்குக் காசு கேட்க ஏலாது, அதே 1974 சட்டத்தின்ர பிரிவு 9. தாடி வைச்சிருந்தால் அந்த மாஸ்க் முகத்தில ஒட்டாது, கோர்ஸுக்கு முதல் நாளே வழிச்சுப்போட்டுப் போங்கோ.